வேறொரு புரோகிராம் பிடித்து வைத்திருக்கும் ஃபைலைப் படிப்பது: நம் அனுபவங்கள்

பின்னணியில் ஓடும் ஒரு சேவை எழுதும் லாக் (log, நடப்பதை வரிவரியாகப் பதியும்) ஃபைலை எங்களுடைய சின்னப் புரோகிராம் தொடர்ந்து படித்து, பிழை வரிகளை மட்டும் எடுத்து அனுப்ப வேண்டும். விண்டோஸ், சி ஷார்ப். ஃபைலைத் திறக்கும் வரியிலேயே, வேறொரு புராசஸ் இதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்ற பிழை. எண் 32. அதே ஃபைல் நோட்பேடில் மட்டும் சமர்த்தாகத் திறக்கிறது.

இங்கே பலரும் எழுதும் சேவையைத்தான் சந்தேகப்படுகிறார்கள். உண்மையில் தடை நம் பக்கம் இருந்தது. விண்டோஸில் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு புரோகிராமும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: தான் என்ன செய்யப்போகிறது, தான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் என்ன செய்யலாம். பின்னதுதான் ஷேர் மோட். புதிதாக வருபவர் கேட்பதை, ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவர் அனுமதித்திருக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சோதனை எதிர்த்திசையிலும் நடக்கிறது: ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதைப் புதிதாக வருபவரும் அனுமதிக்க வேண்டும். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில், படிப்பதற்காக ஃபைலைத் திறக்கும் ஃபைல்.ஓப்பன்ரீட் ‘மற்றவர்கள் படிக்கலாம், எழுதக் கூடாது’ என்ற நிபந்தனையோடுதான் திறக்கும். சேவையோ எழுதிக்கொண்டிருக்கிறது. அப்புறம் எப்படித் திறக்கும்?

ஃபைல்ஸ்ட்ரீமை நேரடியாக உருவாக்கி, ஃபைல்அக்சஸ்.ரீட் (நாம் படிக்க மட்டும்), ஃபைல்ஷேர்.ரீட்ரைட் (மற்றவர்கள் படிக்கலாம், எழுதலாம்) என்று கொடுத்ததும் திறந்துவிட்டது. லாக் ஃபைலுக்கு அவ்வப்போது பெயர் மாற்றிப் புதியது தொடங்கும் வழக்கம் இருந்தால் ஃபைல்ஷேர்.டிலீட்டையும் சேருங்கள். இல்லாவிட்டால், நாம் திறந்து வைத்திருப்பதாலேயே அந்தச் சேவையால் பெயர் மாற்ற முடியாது. படிக்க வந்தவர் எழுதுபவரின் வேலையைக் கெடுக்கக் கூடாது என்பதில் நான் ரொம்பவே பிடிவாதம்.

திறந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. எழுதும்போதே படிப்பதால் கடைசி வரி அரைகுறையாக வரும். ஒரு வாசிப்பில் ‘தொகை=45’ என்று வந்தது. அடுத்த வாசிப்பு ‘00’ என்று தொடங்கியது. உண்மையான தொகை 4500. 45 என்பதும் ஒழுங்கான எண் என்பதால் எந்தச் சரிபார்ப்பிலும் அது சிக்காது. எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைந்தது 3 பைட் ஆகிறதே, அதன் நடுவிலும் வெட்டு விழலாம். அதனால் வரிமுடிவுக் குறி வரும்வரை பைட்டுகளை அப்படியே வைத்திருந்து, முழு வரி கிடைத்த பிறகே எழுத்தாக மாற்றுகிறோம்.

*

மேலே எழுதியவருக்கு: உங்களுக்காவது எழுதும் புரோகிராம் மற்றவர்களைப் படிக்க விட்டது. எனக்கு வாய்த்தது யாருக்கும் எதையும் அனுமதிக்காமல் திறந்து வைக்கும் ரகம். இதற்கு நம் பக்கம் எந்த ஷேர் மோட் கொடுத்தும் பயனில்லை.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்க புராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியின் தேடலில் ஃபைல் பெயரைக் கொடுத்தாலே போதும். கூட வேலை செய்பவர் ஒருவர் அங்கிருந்தே அந்த ஹேண்டிலை (திறந்த ஃபைலைக் குறிக்க விண்டோஸ் தரும் எண்) வலுக்கட்டாயமாக மூடிவிடலாம் என்றார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் புரோகிராமுக்கு மூடியது தெரியாது. அதே ஹேண்டில் எண் சற்று நேரத்தில் வேறொரு ஃபைலுக்குப் போய்விடலாம், அந்தப் புரோகிராம் பழைய நினைப்பில் எழுதுவதெல்லாம் அந்தப் புது ஃபைலில் விழும். ஒரு பூட்டைத் திறக்கப்போய் இரண்டு ஃபைல்களை இழப்பது எதற்கு?

நாங்கள் வால்யூம் ஷேடோ காப்பி (டிஸ்க்கின் ஒரு கண நிலையைப் பிரதி எடுக்கும் விண்டோஸ் வசதி) எடுத்து அதிலிருந்து படித்தோம். அட்மின் உரிமை வேண்டும். கிடைப்பது அந்தக் கணத்தில் டிஸ்க்கில் இருந்த நிலை மட்டுமே. எழுதும் புரோகிராம் இதற்கு ஒத்துழைக்கும்படி எழுதப்படவில்லை என்றால், திடீரென்று மின்சாரம் போனபின் மிஞ்சும் ஃபைல் மாதிரிதான் இருக்கும், நம்பி எடுத்துக்கொள்ள முடியாது. கடைசியில் அந்த மென்பொருளை எழுதியவர்களிடமே பேசி, முடிந்த தரவைத் தனி ஃபைலாகத் தரச் செய்தோம். முதலிலேயே கேட்க வேண்டிய வழி இதுதான் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

*

லினக்ஸில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை தலைகீழ். அங்கே யாரும் தடுக்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. எஃப்லாக் (flock) என்ற ஃபைல் பூட்டைப் போட்டாலும், அதே பூட்டைக் கேட்டு நிற்பவர்களை மட்டுமே அது நிறுத்தும். கேட்காமல் திறப்பவர் தாராளமாகப் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். கட்டாயப் பூட்டு என்று ஒன்று முன்பு இருந்தது. 2021இல் வந்த லினக்ஸ் கெர்னல் (அதன் மையப் பகுதி) 5.15இல் அதையும் நீக்கிவிட்டார்கள்.

எனக்கு வந்தது பாதி ஜேசன் (JSON, தரவை எழுதும் ஒரு வடிவம்). பிழைச் செய்தி ஏதுமில்லாமல் ஃபைல் திறந்தது, அதைப் படித்துப் பிரிக்கும் பார்சர்தான் எதிர்பாராத முடிவு என்று நின்றது. மறுபடி ஓட்டினால் சரியாக இருக்கும். இப்படி வந்து வந்து மறையும் பிழையைத் துரத்துவது பெரும்பாடு. தீர்வு எழுதும் பக்கத்தில் இருந்தது: தற்காலிகப் பெயரில் முழுக்க எழுதி, முடித்தபின் ரீநேம். படிப்பவருக்குப் பழையது முழுசாகக் கிடைக்கும், அல்லது புதியது முழுசாகக் கிடைக்கும். தற்காலிக ஃபைல் அதே ஃபோல்டரில் இருக்கட்டும். டெம்ப் ஃபோல்டர் வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் அது ரீநேம் ஆகாது, காப்பியாகத்தான் நடக்கும். பழைய சிக்கலும் அப்படியே திரும்பி வரும்.

*

எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் இயங்கும் தரவுத்தளம்) ஃபைல் என்றால் இந்த வழி எதற்கும் போகாதீர்கள். வால் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும்) முறையில் ஓடும்போது சமீபத்திய மாற்றங்கள் பக்கத்திலுள்ள -வால் ஃபைலில் இருக்கும். முதன்மை ஃபைலை மட்டும் காப்பி எடுத்தால் அவை விடுபடும். ரீட்ஒன்லியாக ஒரு இணைப்பு திறந்து கேளுங்கள், முழுப் பிரதி வேண்டுமானால் அதன் பேக்கப் வசதியையோ, 3.27 முதல் கிடைக்கும் வேக்யூம் இன்டூ கட்டளையையோ பயன்படுத்துங்கள். எழுதுபவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.