கணவர் தீவிர சிகிச்சையில், கையில் ஏழு மாதக் குழந்தை

கேள்வி:
மாடிப்படி ஏறும்போது கால் தடுமாறுகிறது என்று சொன்ன என் கணவர், இரண்டே நாளில் சட்டைப் பொத்தானைக்கூடப் போட இயலாமல் போய், உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் என்று கண்டறியப்பட்டு, பன்னிரண்டு நாள்களாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். அதற்கான எதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபுலின் ஏற்றி முடித்துவிட்டார்கள். தாய்ப்பால் குடிக்கும் மகளை உள்ளே அனுமதிப்பதில்லை. அலைச்சலில் பாலும் குறைந்துவிட்டது. இதைக் கடந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

மறுமொழி 1:
சகோதரி, என் மனைவிக்கு இதே நோய் வந்தபோது மகனுக்கு ஐந்து மாதம். பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள். ஆனால் நரம்புகள் தேற மாதக்கணக்காகும் என்பதால், இரண்டு வாரத்துக்கன்று, ஆறு மாதத்துக்கு ஆள் ஏற்பாடு செய்யுங்கள். எல்லாவற்றையும் நானே பார்ப்பேன் என்று வீம்பு பிடித்த நான், ஒரு நாள் கழுவாத புட்டியில் பாலை ஊற்றிய பிறகுதான் மாமியாரை அழைத்தேன்.

மறுமொழி 2:
மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, மருத்துவமனையிலும் தவறாமல், பாலைப் பீய்ச்சி எடுத்தால் சுரப்பு பெரும்பாலும் மீளும். எடுத்த பால் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் தாங்கும். வெளியே நான்கு மணி நேரம் என்பார்கள், நம் ஊர் வெயிலில் அதை நம்ப வேண்டாம். கேழ்வரகுக் கூழையும் மசித்த பருப்புச் சாதத்தையும் பாட்டியே ஊட்டலாமே.

மறுமொழி 3:
குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இன்றே விசாரியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நாளை முதல் இரவுக் காவலுக்குக் கொழுந்தனார் வருகிறார். மகள் தவழும் காணொளியைக் கணவரிடம் காட்டினேன், கட்டைவிரலை அசைத்தார்.