புதுப்பிப்பு: 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அம்மோனியா இறங்கிவிட்டது

மீன் விடாமல் தொட்டியை ஓட்டியும் அம்மோனியா குறையவே இல்லை என்று கேட்டிருந்தேன் அல்லவா? இப்போது அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ. நைட்ரேட் மட்டும் ஏறியிருக்கிறது. மீனுக்கு விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேலையைத் தொடங்கிவிட்டது. மணலிலும் கல்லிலும் பழுப்புப் படலம், விரல் பட்டாலே தூளாய்ப் பறக்கிறது. டயாட்டம் என்ற நுண்பாசிதான். புதுத் தொட்டியில் வழக்கமாக வருவது, போய்விடும்.

பெரிய தலைவலி சென்னை வெயில். மேலே ஃபேன் வைத்ததும் சூடு 27 டிகிரிக்கு இறங்கியது, ஆனால் தண்ணீர் மளமளவென்று வற்றுகிறது. உப்பு ஆவியாகாதே! அதனால் தினமும் வெறும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றி அடர்த்தியைக் கடல்நீரின் அளவான 1.025இல் நிறுத்துகிறேன்.

அப்புறம், மன்னார் வளைகுடாப் பவளம் வாங்கலாமா என்றவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எனக்கு இப்போதைக்கு இரண்டு க்ளவுன் மீன் போதும்.