தொட்டி பெரிதானால் தண்ணீர் வேகமாக வருமா?

அனைவருக்கும் வணக்கம்.

1,000 லிட்டர் தொட்டியை எடுத்துவிட்டு 5,000 லிட்டர் வைத்தால் குழாயில் அழுத்தம் கூடுமா என்ற கேள்விக்கு என் பதில்: கூடாது. தொட்டிக்குள் நீர்மட்டம் எங்கே நிற்கிறது, குழாயின் வாய் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது, அந்தச் செங்குத்து உயரம் ஒன்றுதான் கணக்கு. 10 மீட்டருக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. 3 மீட்டர் என்றால் 0.3 கிலோதான். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி ஷவர் அழுது வடிவது இதனால்தான்.

சரி, அத்தனை தண்ணீரின் எடை எங்கே போகிறது? புனல் மாதிரி மேலே அகன்று அடி குறுகிய பாத்திரத்தைப் பாருங்கள். அடித்தட்டுக்கு நேர் மேலே உள்ள தண்ணீர் மட்டுமே அதை அழுத்துகிறது. ஓரத்துத் தண்ணீரைச் சாய்ந்த சுவர் சுமக்கிறது. அடி அகன்று வாய் குறுகிய பாத்திரத்தில் கதை இன்னும் விசித்திரம்: அடித்தட்டின் மீதான விசை, உள்ளே இருக்கும் மொத்தத் தண்ணீரின் எடையையே மிஞ்சிவிடும்! தண்ணீர் சாய்ந்த சுவரை மேல்நோக்கித் தள்ள, சுவர் பதிலுக்குத் தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. ஆனாலும் தராசில் வைத்தால் எடை மாறாது. சுவரில் மேலே போகும் தள்ளு அதைச் சரிக்கட்டிவிடும். கணித அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-லேயே இதை எழுதிவிட்டார். இன்றைக்கும் நம்ப மறுக்கிறவர்கள் உண்டு.

"பெரிய பைப் போட்டதும் நன்றாக வருகிறதே" என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அழுத்தமானியை வைத்தால், அரை அங்குலப் பைப்பும் ஒரு அங்குலப் பைப்பும் ஒரே அளவுதான் காட்டும். திறந்து தண்ணீர் ஓடும்போதுதான் உராய்வும், வளைவுகளும், உள்ளே படிந்த உப்பும் அழுத்தத்தைத் தின்னும். திறந்ததும் முள் தடாலென்று இறங்கினால் குறை பைப்பில். மூடியிருக்கும்போதே குறைவு என்றால், தொட்டியை உயர்த்துங்கள் அல்லது பிரஷர் பம்பு வையுங்கள்.

அப்புறம், மேலிருந்து வரும் தண்ணீருக்குப் பம்பு வைத்து அழுத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம்; கீழிருந்து உறிஞ்சுவதற்கு இந்தச் சலுகை கிடையாது. தரையில் நின்று உறிஞ்சும் பம்பு எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும், தண்ணீரை மேலே தள்ளுவது வளிமண்டலம்தான். அதன் எல்லை 10.3 மீட்டர்; நடைமுறையில் 7, 8 மீட்டர் தேறினால் பெரிது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரையே தண்ணீருக்குள் இறக்கிவிடுவது இதற்காகத்தான்.