பழைய மருந்துப் புட்டியின் காலத்தைக் கணிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பழைய மருந்துப் புட்டிகளைச் சேகரிப்பதோடு, அவற்றில் மருந்து விற்ற கடைகளின் வரலாற்றையும் திரட்டி வருகிறேன். அண்மையில் கிடைத்த ஆறு பட்டை நீலப் புட்டி ஒன்றின் மூன்று பக்கங்களில் நெடுக்கு வரிகள் புடைத்திருக்கின்றன. இருட்டில் கை பட்டாலும் நஞ்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகவே அக்காலத்தில் இப்படி வார்த்தார்கள். வார்ப்பு அச்சின் பாகங்கள் சேரும் இடத்தில் கண்ணாடியில் பதியும் இணைப்புக் கோடு கழுத்தோடு நின்றுவிடுகிறது. மைக்கேல் ஓவன்ஸ் 1903-இல் உருவாக்கிய தானியங்கி இயந்திரத்தில் செய்த புட்டிகளில் அந்தக் கோடு வாய் விளிம்பு வரை ஏறும் என்பதால், இது வாயால் ஊதிச் செய்ததாகவே இருக்க வேண்டும். ஆனால் அந்த முறை உடனே மறைந்துவிடவில்லை. ஆகவே ஆண்டை நெருங்கிச் சொல்ல இது மட்டும் போதாது.

ஒரு பக்கத்தில் மருந்தாளுநரின் பெயர் பாதி தேய்ந்த நிலையில் உள்ளது. எனக்கு அதுதான் முக்கியம். புட்டியைவிட, அதை நிரப்பிக் கொடுத்தவரைப் பற்றி அறியவே விரும்புகிறேன். பழைய வணிகக் கையேடுகள், நாளிதழ் விளம்பரங்கள், மருந்துச் சீட்டுப் பதிவேடுகள் ஆகியவற்றில் எதிலிருந்து தேடத் தொடங்குவது என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டின் துணுக்கு கரைந்துவிடும் என்று அஞ்சி, புட்டியை இன்னும் கழுவவில்லை. அதைச் சேதமின்றிச் சுத்தம் செய்யும் முறையையும் கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.