“நாயக் விழுந்துட்டான், இப்போ நீதான்”: பட்டாளத்தில் நம்மை ஆளாக்கியவர்கள்

ஓய்வுபெற்ற ஹவில்தார், காலாட்படை, வேலூர் மாவட்டம்:

கம்மவான்பேட்டை பக்கத்து ஆள் நான். ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்கு இன்னொரு பெயர் உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சண்டைக் கதைக்குப் பஞ்சமே இருக்காது. அந்தக் கதைகள் இங்கே வேண்டாம். சொன்னதைச் செய்கிற ஒரு ஜவானைப் பிடித்து, நாலு பேரை நடத்திப் போகிற ஆளாக்கியது யார், எப்படி ஆக்கினார்? அதை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு வாய்த்த ப்ளட்டூன் சாப், அதாவது முப்பது சொச்சம் பேருக்குத் தலைவர், அதிகம் பேசமாட்டார். சுபேதார்தான், ஆனால் கம்பெனி கமாண்டரே ஒரு விஷயம் என்றால் அவர் முகத்தைப் பார்ப்பார். ரோந்துக்கோ பதுங்கலுக்கோ கிளம்பும் முன் தரையில் மாடல் போடுவோம், தெரியுமில்லையா? மண்ணைக் குவித்து மலை, நீலப்பொடி தூவி ஓடை, பாசியைப் பிய்த்து வைத்துக் காடு. செக்‌ஷன் கமாண்டர், அதாவது பத்துப் பேர் குழுவை நடத்துகிற நாயக், குச்சியை வைத்துக்கொண்டு பிளானைச் சொல்லி முடிப்பார். எல்லாரும் எழுந்திருக்கப் போகும்போது சாப் அந்தக் குச்சியை வாங்குவார். இருக்கிறதிலேயே சின்னப் பையனாகப் பார்த்து நீட்டுவார். “நாயக் விழுந்துட்டான். இப்போ நீதான். சொல்லு.”

அவன் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் விலகுவது, எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) யார் கையில், அடிபட்டவரை எந்த வழியாக இறக்குவது, எங்கே மறுபடி சேர்வது, எல்லாம். திக்கினால் திட்டமாட்டார். அடுத்தவனிடம் போவார், சுற்றி முடித்துவிட்டுக் கடைசியில் மறுபடி அவனிடமே வந்து நிற்பார். செக்‌ஷனில் பத்துப் பேர் என்றால் பத்துப் பேரும் பிளானைத் தன் பிளான் மாதிரி கேட்க ஆரம்பித்தோம். கேள்வி யாருக்கு வரும் என்று தெரியாதே.

நான் லான்ஸ் நாயக்காக, நாயக்குக்கு ஒரு படி கீழே, இருந்தபோது ஒரு ராத்திரி, இறக்கத்தில் எங்கள் நாயக்குக்கு முழங்கால் பிசகிவிட்டது. குண்டு இல்லை, எதிரி இல்லை, வெறும் கல். சாப் அன்றைக்குக் கடைசி ஆளாக எங்களோடு வந்துகொண்டிருந்தார். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து பூட்ஸ் லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அவிழ்ந்திருக்கவே இல்லை, நான் பார்த்தேன். அப்புறம் என்ன, நான்தான் பேச வேண்டியிருந்தது. இரண்டு பேரை நாயக்குக்குத் தோள் கொடுக்கச் சொன்னேன், எல்.எம்.ஜி.யை மாற்றினேன், வழியையும் மாற்றினேன். அவர் மட்டும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கடைசிவரை யாராவது ஒரு சாப்பின் வாயைப் பார்த்தே சர்வீஸை முடித்திருப்பேன்.

பின்னால் பெல்காம் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் கோர்ஸும் செய்தேன். நல்ல கோர்ஸ். ஆனால் அங்கே கேட்ட பாதிக் கேள்விகளை அந்த மண் மாடல் பக்கத்திலேயே கேட்டு முடித்திருந்தேன்.

முன்னாள் சாப்பர் (பொறியியல் படை வீரர்), எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்):

ஹவில்தார் அண்ணே, எங்கள் ஆட்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது பெய்லி பாலம்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெய்லி பாலம் என்பது இரும்புப் பேனல்களைக் கோத்துக் கட்டுவது. ஒரு பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம், எடை 260 கிலோ பக்கம். ஆறு பேர் கம்பி கொடுத்துத் தூக்க வேண்டும். ஆறில் ஒருவன் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் பக்கத்து ஆளின் இடுப்பு போய்விடும், இல்லையென்றால் யாருடைய விரலாவது பேனலைக் கோக்கிற ஆணித் துளையில் மாட்டிக்கொள்ளும். அதனால் அந்த வேலையில் ஒரு குரல்தான் இருக்கலாம். அந்தக் குரல் யாருடையது என்பதுதான் விஷயம்.

எங்கள் ப்ளட்டூனில் தருமபுரி பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். வேலையில் கெட்டி, கணக்கும் நன்றாக வரும், ஆனால் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காத குரல். எங்கள் சுபேதார் ஒருநாள் அவனைப் பேனல் பார்ட்டிக்குக் கமாண்டராகப் போட்டார். இந்தியில் கமாண்ட் கொடுத்தான், காற்றோடு போனது. பையன்கள் சிரித்தார்கள். சுபேதார் கிட்டே வந்து கேட்டார், “உங்க ஊர்ல தேர் இருக்கா? வடம் பிடிக்கிறப்போ யார் குரல் கொடுப்பா?”

“எங்க சித்தப்பா, சாப்.”

“அப்போ சித்தப்பா எப்படிக் கொடுப்பாரோ அப்படிக் கொடு. தமிழ்லயே கொடு.”

கொடுத்தான் பாருங்கள்! பார்ட்டியில் இரண்டு தெலுங்குப் பையன்கள், ஒரு மலையாளி. எல்லாருக்கும் புரிந்தது. பேனல் எழும்பியது.

இதுவரைக்கும் எந்த நல்ல உஸ்தாதும் (பயிற்சியாளரும்) செய்வார். எங்கள் சுபேதார் அடுத்துச் செய்ததைத்தான் நான் மறக்கவில்லை. ஒரு ஜவானை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் தானே போய்க் கம்பியைப் பிடித்தார். அத்தனை வருஷ சர்வீஸ், தோளில் நட்சத்திரம், அந்தப் பையன் கமாண்டில் ஒரு கூலியாளாக. பையனுக்கு வேர்த்துவிட்டது. இரண்டு பேனல் போனது. மூன்றாவதில் அவன் சொன்னான், “சாப், உங்க கால் உள்ள இருக்கு, வெளியே வையுங்க.” எல்லாரும் அப்படியே நின்றோம். சுபேதார் “சரி கமாண்டர்” என்று காலை வெளியே எடுத்து வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த ப்ளட்டூனில் எவனாலும் அவன் பேச்சைத் தட்ட முடியவில்லை. சுபேதாரே கேட்டுவிட்டார், நீ யார்? ஒரு பையனுக்கு அதிகாரம் கொடுக்கிறேன் என்று வாயால் அறிவித்தால் பத்தாது. கொடுத்தவர் அதற்கு முதலில் கட்டுப்பட்டுக் காட்ட வேண்டும்.

2024 ஆகஸ்டில் வயநாடு சூரல்மலையில் நம் எம்.இ.ஜி. ஆட்கள் 190 அடிப் பாலத்தைப் போட்டு ஜீப்பை ஓட்டியதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் பாலத்தைப் பார்த்தார்கள். நான் பேனல் பக்கத்தில் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டிருந்த பையன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னாள் அதிகாரி, ஏ.எஸ்.சி. என்கிற ராணுவ சப்ளைப் பிரிவு (பரங்கிமலை ஓ.டி.ஏ., அதிகாரிகள் பயிற்சி அகாடமி):

அதிகாரியாகிற எவருக்கும், அன்றைய இந்தியப் படைத் தலைமைத் தளபதி சேட்வுட் சொன்னது மனப்பாடமாக இருக்கும். 1932ல் டேராடூன் அகாடமியைத் திறந்துவைத்துப் பேசியது: நாடு முதலில், உன் கீழே உள்ள வீரர்கள் அடுத்து, உன் சௌகரியம் எப்போதும் கடைசி. நாங்கள் பரங்கிமலையில் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லுவோம். நல்ல வரிதான். ஆனால் வீரர்களைப் பார்த்துக்கொள் என்று சொல்கிறதே தவிர, அவர்களை உன் இடத்துக்கு வளர்த்துவிடு என்று அது சொல்லவில்லை. அதைச் சொன்னது என் முதல் யூனிட்டில் இருந்த சீனியர் ஜே.சி.ஓ. (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி).

நான் லெப்டினன்டாகப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, லீவு முடிந்து வருகிற ஒவ்வொருவரையும் உட்காரவைத்து இன்டர்வியூ எடுங்கள் மேடம் என்றார். ஒரு டிரைவர், ஊரில் நிலத் தகராறு, பங்காளி வேலியை நகர்த்திவிட்டான். மாவட்ட ஆட்சியருக்கு நானே கடிதம் எழுதக் கிளம்பினேன். சாப் தடுத்தார். “கையெழுத்து நீங்க போடுங்க. விவரம் கேட்டு எழுதுறது அவன் நாயக் செய்யட்டும். நீங்க இன்னும் ரெண்டு வருஷத்துல போயிடுவீங்க, நாயக் இங்கதான் இருப்பான்.” அந்த நாயக்குக்குக் கடிதம் எழுதத் தெரியாது. எழுதி எழுதிக் கற்றுக்கொண்டார். ஒரு கட்டத்தில் அவருடைய ஆட்கள் வீட்டுப் பிரச்சினை என்றால் என்னிடம் வராமல் நேராக அவரிடம் போனார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

அப்புறம் லடாக்கில் இருக்கிற லே போகிற கான்வாய், அதாவது ராணுவ வண்டி வரிசை. ஹவில்தார் ஒருவர் பொறுப்பில் வண்டிகளை அனுப்பியிருந்தேன். ஜோஜிலா கணவாய் 11,500 அடிக்கு மேலே, அந்தச் சாலையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் சோனாமார்க்கிலேயே கான்வாயை நிறுத்திவிட்டார். ராத்திரி அங்கேதான் என்று தகவல் வந்தது. பின்னாலேயே மேலிடத்திலிருந்து போன்: யார் நிறுத்தச் சொன்னது? வானிலை அறிக்கையில் ஒன்றும் இல்லையே?

“நான்தான் சார் சொன்னேன்” என்றேன்.

அடுத்த நாள் வண்டிகள் ஏறிவிட்டன. அன்றைக்கு மலை சரிந்தது, அவர் எல்லாரையும் காப்பாற்றினார் என்று கதை முடியாது. ஒன்றும் சரியவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். திரும்பி வந்ததும் எப்படி முடிவெடுத்தீர்கள் என்று கேட்டேன். சரிவில் வழிகிற தண்ணீர் கலங்கலாக இருந்தது, டிரைவர்கள் விடியற்காலையிலிருந்து ஸ்டியரிங்கில் இருந்தார்கள், மூன்று பேர் டீ வேண்டாம் என்றார்கள் என்றார். டீ வேண்டாம் என்கிற டிரைவர் தூங்கப் போகிறார் என்று அர்த்தமாம். இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. புது டிரைவர்களுக்கு அடுத்த பிரீஃபிங்கை அவரையே எடுக்கச் சொன்னேன், நான் பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

அந்த போனில் நான் வேறு பதில் சொல்லியிருந்தால், அடுத்த முறை அவர் எனக்கு போன் போட்டுவிட்டுத்தான் நிறுத்துவார். அந்தச் சாலையில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது.

முன்னாள் சிப்பாய், இப்போது வங்கிக் காவலர், திருநெல்வேலி:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பாராகானாவில், அதாவது அதிகாரியும் ஜவானும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்தில், பெரிய அதிகாரி கரண்டியைப் பிடித்து ஜிலேபி பரிமாறினால் ஜவானுக்குத் தெம்பு வந்துவிடாது. போட்டோ வரும், அவ்வளவுதான். சைனிக் சம்மேளன் என்கிற படைவீரர் கூட்டத்தில் “ஏதாவது கேட்கணுமா” என்பார்கள். முன்வரிசையில் ஜே.சி.ஓ.க்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது எவன் எழுந்து கேட்பான்? நான் இருந்த ஒரு யூனிட்டில் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்ட தேதியில் எனக்குப் பின்னால் கேட்டவன் போனான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் காலத்தில் ‘மதர் சீரியஸ்’ என்று தந்தி வந்தால் சீக்கிரம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. 2013ல் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அதுவரைக்கும் எத்தனை அம்மாக்கள் நல்ல ஆரோக்கியத்தோடு சீரியஸாகக் கிடந்தார்களோ!

அப்புறம் வந்த கம்பெனி கமாண்டர் ஒரு காரியம் செய்தார். வருஷ லீவு அட்டவணையை நாயக்குகள் கையில் கொடுத்தார். கம்பெனியில் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் போக முடியாது, அது மட்டும்தான் என் கணக்கு, மீதியை உங்கள் ஆட்களோடு உட்கார்ந்து பேசி முடித்துப் பலகையில் எழுதுங்கள் என்றார். முதல் தடவை பயங்கரச் சண்டை. பொங்கலுக்கு எல்லாரும் கேட்டார்கள், ஓணத்துக்கு எல்லா மலையாளியும் கேட்டான். ஒரு நாயக் தன் பொங்கல் லீவை விட்டுக்கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். அந்த நாயக்குக்குத் தலைமைப் பண்பு பற்றி யாரும் வகுப்பெடுக்கவில்லை. அந்தப் பலகை எடுத்தது. எனக்கு அந்த வருஷமும் கேட்ட தேதி கிடைக்கவில்லை. ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்று தெரிந்தது. அதிலேயே பாதிக் கோபம் போய்விட்டது.

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்:

நெல்லைத் தம்பி சொன்னது சரி. ஜிலேபி தப்பில்லை, ஜிலேபி மட்டும் என்றால்தான் தப்பு. பர்மா யுத்தத்தில் 14வது ராணுவத்தை நடத்திய ஜெனரல் ஸ்லிம், முன்னணிப் படைக்கு அரை ரேஷன் என்றால் தன் தலைமையகத்துக்கும் அரை ரேஷன் என்று வைத்திருந்தார். அதில் சாப்பாடு மிச்சமானது கொஞ்சம்தான். தலைமையகத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயிறு காய்ந்ததும் சப்ளை வேகமாக நகர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு. பட்டாளத்தில் கிளார்க் வேலை பார்த்தவர்கள் கோபிக்க வேண்டாம்.

பணியிலிருக்கும் ஹவில்தார்:

அண்ணே, நீங்கள் எல்லாரும் சொல்வது பதினைந்து, இருபது வருஷம் ஒரே பட்டாலியனில் கிடந்தவர்கள் கணக்கு. இப்போது அக்னிவீர் என்கிற குறுகிய கால ஆள்சேர்ப்பு. பயிற்சியும் சேர்த்து நாலே வருஷம். அதில் நிரந்தரமாகிறவர்கள் 25 சதவீதம் வரைதான். நாயக் கேடர், அதாவது நாயக் ஆவதற்கான பயிற்சி, வருவதற்குள் முக்கால்வாசிப் பையன் மூட்டை கட்டிவிடுவான். யாரை வளர்ப்பது, எதற்கு வளர்ப்பது என்று எங்கள் லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) தினமும் வாக்குவாதம்தான். ஒரே செக்‌ஷனில் நாலு பேர் ஒரு இடத்துக்குப் போட்டி என்றால் ஒருத்தனுக்கு ஒருத்தன் சொல்லிக்கொடுப்பானா?

ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர்:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை தம்பி. போட்டி விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. வெளியே இருந்துகொண்டு நான் உபதேசம் பண்ண மாட்டேன். ஒன்று மட்டும் சொல்லுவேன். எங்கள் சாப் குச்சியை நீட்டியபோது, இவன் நாயக் ஆவானா மாட்டானா என்று பார்த்து நீட்டவில்லை. அன்றைக்கு ராத்திரி வேலைக்கு அவன் வேண்டும், அதனால் நீட்டினார். உங்கள் பையன்களும் இன்றைக்கு ராத்திரி போஸ்டில் நிற்கிறவர்கள்தானே? ரேஷன் ஏற்றப் போகிற பார்ட்டி, தண்ணீர் பார்ட்டி, சென்ட்ரி (காவல்) மாற்றம், இதையெல்லாம் முதல் வருஷத்திலேயே முறை வைத்து அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். மறுத்துப் பேசுகிற பழைய ஆட்கள் இருந்தால், சாப்பர் தம்பி சொன்ன சுபேதார் மாதிரி நீங்களே முதலில் போய்க் கம்பியைப் பிடியுங்கள். நடந்ததை இங்கே எழுதுங்கள், சொதப்பினாலும் எழுதுங்கள்.