குட்டை ஐரிஸ் கிழங்கு: எது எது, இங்கே பூக்குமா?

கடலூர் முதுநகர் மாடி:
"ரெட்டிகுலாட்டா கலப்பு" என்று, குளிர்நாட்டுப் பூச்செடியான குட்டை ஐரிஸின் 20 கிழங்கு வாங்கியிருக்கிறேன். 12 கிழங்கின் மேல் சணல் வலை போர்த்தியது போன்ற சருகு. 5 கிழங்குக்கு வழவழப்பான காகிதத் தோல், அளவிலும் பெரியவை. 3 தட்டையாக இருக்கின்றன. எது எது? நம் வெக்கையில் பூக்க வைக்க ஃப்ரிட்ஜில் எத்தனை வாரம் வைக்க வேண்டும்?

லாஸ்பேட்டை கிழங்குப் பிரியர்:
வலைச் சருகும் துளி வடிவமும் உள்ளவைதான் ரெட்டிகுலாட்டா வகை. காகிதத் தோல்காரர் பெரும்பாலும் டச்சு ஐரிஸ். அது குட்டை அல்ல, அரை மீட்டர் வளரும். தட்டையானதில் ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள். சேப்பங்கிழங்கு போல உள்ளே ஒரே சதையாக இருந்தால் குரோக்கஸ் (குங்குமப்பூச் செடியின் உறவு), ஐரிஸ் அல்ல. காகிதத் தோலுக்கு அடியில் தடித்த சதை வேர்கள் தொங்கினால் மட்டும் உஷார்: அது ஜூனோ ஐரிஸ், வேர் ஒடிந்தால் செடி நலிந்துவிடும்.

இலை வந்ததும் விரலில் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டுக்கு மூன்று பட்டை என்றால் ரெட்டிகுலாட்டா இலைக்கு நான்கு. எட்டு வரி ஓடி, உருளையாகத் தெரிந்தால் பேக்கரியானா என்ற இனம். மஞ்சள் பூவில் நிமிர்ந்த உள்ளிதழ் வெறும் முள் அளவுக்குச் சிறுத்திருந்தால் டான்ஃபோர்டியே. உள்ளிதழ் முழுதாக நிற்கும் வெளிர் மஞ்சள், காக்கசஸின் அரிய வினோகிராடோவி. கலப்புப் பொட்டலத்தில் அது வராது.

முத்தியால்பேட்டை:
பூக்க வைப்பது பற்றி. உலர்ந்த கிழங்கை அப்படியே குளிரூட்டாதீர்கள். வேர் பிடிக்காமல் குருத்து மட்டும் நீண்டு, மொட்டு உள்ளேயே காய்ந்துவிடும். நட்டுவிட்டுக் குளிரூட்டுங்கள். 15 செ.மீ. தொட்டியில் 8 கிழங்கு, 5 செ.மீ. ஆழம். கொரகொரப்பான ஆற்று மணல் 2 பங்கு, செம்மண் 1, செங்கல் சல்லி 1. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு. ஒருமுறை தண்ணீர் விட்டு நன்றாக வடியவிட்டு, துளையிட்ட பாலிதீன் பையில் போட்டு 4 முதல் 7 டிகிரியில் 13, 14 வாரம். செப்டம்பர் கடைசியில் வைத்தால் ஜனவரி முதல் வாரம் எடுக்கலாம். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும்.

கடலூர் முதுநகர் மாடி:
நன்றி சார். அதே ஃப்ரிட்ஜில் ஆப்பிளும் இருக்கும், பரவாயில்லையா?

முத்தியால்பேட்டை:
கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் மொட்டைக் கொன்றுவிடும். ஆப்பிள், வாழை, மாம்பழம் எதுவும் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டாம். மீதிக் கிழங்குகளைச் சமையலறையில் திறந்து வைக்காதீர்கள். பார்க்கச் சின்ன வெங்காயம் மாதிரி இருக்கும், தின்றால் நஞ்சு.

லாஸ்பேட்டை கிழங்குப் பிரியர்:
ஒன்று சேர்க்கிறேன். சருகில் மை கொட்டியது போல் கருந்திட்டு இருந்தால் அது மை நோய். அந்தக் கிழங்கை எறிந்துவிடுங்கள், மருந்தில் நனைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வெளியே எடுத்த பின் மாடி வெயில் ஆகாது. தை மாத இரவிலும் இங்கே 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஏசி அறையில், வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள். பூ முடிந்ததும் கிழங்கு பருக்க இரண்டு மாதம் குளிர்ந்த வெயில் வேண்டும், அது நம்மிடம் இல்லை. அரிசி மணி போன்ற குட்டிகளாகச் சிதறிவிடும். ஆகவே மலிவான கலப்பினத்தை ஒரு பருவத்துக்கு வாங்குங்கள். அரிய காட்டு இனங்களை இந்தக் கரைக்கு வரவழைத்துச் சாகடிக்காதீர்கள்.