புதுப்பிப்பு: கெமிக்கல் பீலுக்குப் பிறகு கன்னத்தில் கருமை, 6 வாரம் கழித்து

கிளைகாலிக் அமில பீல் (அமிலம் பூசித் தோலின் மேல் அடுக்கை உரிக்கும் சிகிச்சை) செய்த பிறகு இடது கன்னத்தில் பழுப்புத் திட்டு வந்துவிட்டது, இது நிரந்தரமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தோல் மருத்துவரிடம் காட்டினேன். அழற்சிக்குப் பின் வரும் கருமை என்றார். தோல் எரிச்சலடைந்தால் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கும். நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் இது அதிகம் நடக்குமாம். காரணமும் தெரிந்தது. பீலுக்கு முந்தைய இரவுவரை ரெட்டினால் கிரீம் (வைட்டமின் ஏ வகை, தோலை எரிச்சலாக்கக்கூடியது) பூசியிருக்கிறேன். சில நாட்கள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். அப்புறம், 4ஆம் நாள் அதே கன்னத்தின் கீழே தாடையோரம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து நின்ற தோலை விரலால் இழுத்துவிட்டேன். திட்டு மிக அடர்த்தியாக இருப்பது சரியாக அந்த இடத்தில்தான்.

இப்போது பாதிக்கு மேல் மங்கிவிட்டது. தினமும் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் பூசுகிறேன், வெளியே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முழுதாக மறைய மாதக்கணக்கில் ஆகலாம் என்றார். சரி, காத்திருக்கிறேன்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருபவர்கள் பீலுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பீல் அதைத் திரும்பக் கிளப்பிவிடலாம். முன்கூட்டியே மாத்திரை தருவார்கள். சில நாள் சிவப்பும் உரிதலும் இயல்புதான். கொப்புளம், சீழ், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.